பொகவந்தலாவையில் உறங்கும் ஒளிப்படக் கலைஞர்: ஜூலியா மார்கரட் கமரூனும் பெயரில்லாத பிள்ளைகளும்

பிள்ளை பிறந்து 31 கழிந்ததும் ஒரு படம், பல்லுக்கொழுக்கட்டைக்கு ஒரு படம், முதலாவது பிறந்தநாளுக்கு ஒரு படம் என எடுத்து வைப்பது இன்று எங்கள் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. ஸ்ரூடியோக்களில் குழந்தைக்கு வெள்ளைச் சிறகு கட்டுகிறார்கள், பூக்கூடைக்குள் உறங்க வைக்கிறார்கள், பின்னணியை மங்கலாக்கி முகத்தை மட்டும் துலங்கச் செய்கிறார்கள். இவையெல்லாம் புதுப் பாணி என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் பிள்ளைகளுக்குச் சிறகு கட்டி, மங்கலான ஒளியில் அவர்களின் முகங்களைப் பதிவு செய்த ஒரு பெண் 150 ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தார். அவருடைய கல்லறை இருப்பது எங்கள் நாட்டின் மலையகத்தில், பொகவந்தலாவையில்.

ஜூலியா மார்கரட் கமரூன் என்ற அவரது பெயர் எங்களில் பலருக்குப் பழக்கமில்லாததாக இருக்கலாம். ஆனால் அவரது கணவரின் பெயரைப் பாடசாலை வரலாற்றுப் பாடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். கோல்புறூக் - கமரூன் ஆணைக்குழுவில் இரண்டாமவராக வரும் சார்ள்ஸ் ஹே கமரூன்தான் அவர். தனித்தனியாக ஆளப்பட்டு வந்த கண்டிப் பிரதேசத்தையும் கரையோரத்தையும் 1833ஆம் ஆண்டில் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்த சீர்திருத்தத்துக்கு வழிவகுத்தவர்களில் ஒருவர். நீதித்துறை பற்றிய பரிந்துரைகள் அவருடையவை. இலங்கைத் தீவின் அரசியலில் கணவர் விட்டுச்சென்ற தடம் இன்றுவரை பேசப்படுகிறது. மனைவி விட்டுச்சென்றவை முகங்கள்.

கல்கத்தாவிலிருந்து வைற் தீவு வரை

ஜூலியா 1815 ஜூன் 11ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பற்றில் கிழக்கிந்தியக் கம்பனியின் அதிகாரி. தாயார் பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்தின் வழிவந்தவர். பிள்ளைப் பருவத்தின் பெரும்பகுதியை ஜூலியா பிரான்ஸில் கழித்தார். பின்னர் இந்தியாவுக்குத் திரும்பியவர், உடல்நலம் தேறுவதற்காகத் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றபோது இருவரைச் சந்தித்தார். ஒருவர் வானியல் அறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷல். ஒளிப்படக்கலை என்று ஒன்று பிறந்திருக்கிறது என்ற செய்தியைப் பிற்காலத்தில் ஜூலியாவுக்குத் தெரிவித்தவர் இவரே. மற்றவர் தன்னைவிட 20 வயது மூத்த சார்ள்ஸ் கமரூன். 1838இல் கல்கத்தாவில் சார்ள்ஸை மணந்தார்.

சார்ள்ஸ் இந்தியாவில் உயர் சட்டப் பதவி வகித்தவர். இலங்கையில் கோப்பித் தோட்டங்களுக்காகப் பெருமளவு காணி வாங்கியவர். 1848இல் குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்றது. 1860இல் வைற் தீவின் பிரெஷ்வோட்டர் என்ற கிராமத்தில், கவிஞர் ரெனிசனின் வீட்டுக்கு அண்மையில் குடியேறினார்கள். அந்த வீட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் டிம்போலா. இலங்கையில் இருந்த தங்கள் தோட்டத்தின் பெயரையே அங்கும் கொண்டுசென்றார்கள். அந்த வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

ஜூலியா பெற்ற பிள்ளைகள் 6 பேர். அவர்களோடு உறவினர்களின் தாய் தகப்பனற்ற பிள்ளைகளையும் வளர்த்தார். ஒருமுறை பிச்சை கேட்டு வந்த ஐரிஷ் சிறுமி மேரி ரயனையும் வீட்டில் சேர்த்துக்கொண்டார். மேரி அந்த வீட்டின் பணிப்பெண்ணாக வளர்ந்து, ஜூலியாவின் பல படங்களுக்கு அமர்ந்தாள். படம் ஒன்றில் அவளைக் கண்டு விரும்பிய ஹென்றி கொற்றன் என்ற இளைஞர் 1867இல் அவளை மணந்தார். இந்தியாவில் உயர் பதவிகள் வகித்த அதே கொற்றன்தான் 1904இல் இந்திய தேசிய காங்கிரஸின் தலைவராகவும் இருந்தார்.

48ஆவது வயதில் ஒரு கமரா

1863ஆம் ஆண்டின் இறுதி. சார்ள்ஸ் தோட்டங்களைப் பார்ப்பதற்காக இலங்கை சென்றிருந்தார். பிள்ளைகள் வளர்ந்து பிரிந்துவிட்டார்கள். தாயாரின் தனிமையைப் போக்க நினைத்த மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது ஜூலியாவுக்கு 48 வயது. அந்தக் காலத்தில் பெண்ணொருவர் புதுத் தொழில் பழகும் வயதல்ல அது.

அவர் கோழிக்கூட்டைக் கண்ணாடி போட்டு ஸ்ரூடியோவாக மாற்றினார். நிலக்கரி போட்டு வைத்திருந்த அறை இருட்டறையாயிற்று. அன்றைய முறையில் ஒரு கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசைத் திரவத்தைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயும் முன்னரே படம் எடுக்க வேண்டும். எடுத்த கையோடு கழுவவும் வேண்டும். முட்டை வெண்கரு பூசிய தாளில் வெயிலின் உதவியால் அச்சிட வேண்டும். கைவிரல்கள் கறுத்துப் போகும் வேலை. அவரது முதல் படத்துக்கு அமர்ந்தவர் ஊர் விவசாயி ஒருவர். பதிந்த தகட்டில் கை பட்டதால் அந்தப் படம் அழிந்தது.

அடுத்து இரண்டு பிள்ளைகளை அமர்த்தினார். அவர்களில் ஒருவர் சிரித்துவிடத் தகடு வீணாயிற்று. பிறகு ஆனி பில்பொற் என்ற சிறுமியைத் தனியே அமர்த்தினார். 1864 ஜனவரியில் எடுக்கப்பட்ட அந்தப் படம் சரியாக வந்தது. அந்தப் பிள்ளையே படத்தை உருவாக்கித் தந்துவிட்டதைப் போன்ற மகிழ்ச்சியில், அவளுக்குக் கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்று வீடு முழுவதும் தேடினார். அன்றைக்கே படத்தை அச்சிட்டுச் சட்டமிட்டு ஆனியின் தந்தையிடம் கொடுத்தார். தனது முதல் வெற்றி என்று ஆனியின் பெயரோடு அதில் எழுதியும் வைத்தார். கோட்டின் பொத்தான்களை மூடி, கமராவைப் பாராமல் பக்கவாட்டில் நோக்கும் அந்தச் சிறுமியின் முகம், ஒளிப்பட வரலாற்று நூல்களில் இன்றும் இடம்பெறுகிறது.

சிறகு கட்டிய பிள்ளைகள்

அந்நாளில் பணத்துக்குப் படமெடுத்த ஸ்ரூடியோக்கள் குழந்தை அசையாமலிருக்க ஒரு வழி வைத்திருந்தன. தாயை நாற்காலியில் அமர்த்தித் துணியால் மூடி, அவரது மடியில் பிள்ளையை இருத்திப் படமெடுப்பார்கள். படத்தில் பிள்ளை மட்டும் தெரியும், பிடித்திருக்கும் தாய் தெரியமாட்டார். ஜூலியா எடுத்த படங்களில் பிள்ளையை அணைக்கும் பெண்ணின் முகமும் இருக்கிறது. வீட்டுப் பணிப்பெண் மேரி ஹிலியரை மாதாவாகவும், ஊரிலுள்ள மீனவரின் மகன் பிரெடி கூல்ட் போன்ற பிள்ளைகளைக் குழந்தை யேசுவாகவும் வைத்துப் படங்கள் எடுத்தார். தனது பேரப்பிள்ளையையும் மேரி ஹிலியரோடு சேர்த்து எடுத்தார். ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் அசையாமலிருக்க வேண்டியிருந்ததால், கைக்குழந்தைகளை உறங்கும்போதே எடுப்பது வசதியாக இருந்தது. பிறந்த குழந்தைகளைப் படமெடுப்போர் இன்றும் பிள்ளை உறங்கும் வரை காத்திருக்கிறார்கள்.

உறவினரின் பிள்ளைகளான ரேச்சல், லோரா சகோதரிகளுக்கு அவர் அன்னத்தின் சிறகுகளைக் கட்டித் தேவதைகளாக்கினார். அந்தப் படங்கள் இன்று வாழ்த்து அட்டைகளிலும் வருகின்றன. ஆனால் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை. சிறகு பாரமாக இருந்ததையும், நீண்ட நேரம் அசையாமல் நிற்க வேண்டியிருந்ததையும் லோரா வளர்ந்த பின் தனது நினைவுக் குறிப்பில் எழுதினார். படங்களில் அந்தப் பிள்ளைகள் சிரிக்காமல், சற்றுச் சலிப்போடு இருப்பதன் காரணம் அதுதான். பிள்ளைகளைப் பொம்மைகளாகக் காட்டாமல், நினைப்பும் கவலையும் உள்ள மனிதர்களாகக் காட்டியது அவரது தனித்தன்மை.

மரணத்தையும் அவர் விலக்கிவைக்கவில்லை. 1872இல், உறவினர் வீட்டில் வளர்ந்த அடலின் என்ற பெற்றோரற்ற சிறுமி இறந்தபோது, கட்டிலில் கிடந்த அவளையும் படமெடுத்தார். இனி ஒருபோதும் எடுக்க முடியாத முகத்தைக் கடைசியாக எடுத்து வைக்கும் வழக்கம் அன்று பல வீடுகளில் இருந்தது. அடுத்த ஆண்டு, கமராவைப் பரிசளித்த ஒரேயொரு மகளும் பிள்ளைப்பேற்றின்போது இறந்துபோனார்.

படங்கள் கூர்மையாக இல்லை, தகட்டில் கீறலும் விரலடையாளமும் இருக்கின்றன என்று ஒளிப்படச் சங்கத்தினர் குறை சொன்னார்கள். ஜூலியா அதற்காகத் தனது முறையை மாற்றவில்லை. டார்வின், ரெனிசன், ஹேர்ஷல் எனப் புகழ்பெற்றவர்கள் அவரது கமராவின் முன் அமர்ந்தார்கள். லண்டனின் சவுத் கென்சிங்ரன் அருங்காட்சியகம் 1865இலேயே அவரது படங்களை வாங்கியது.

களுத்துறையில் கடைசிப் படங்கள்

1869இல் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைநோய் பரவத் தொடங்கியது. கமரூன் குடும்பத்தின் வருமானம் இந்தத் தோட்டங்களை நம்பியே இருந்தது. 1875இல் ஜூலியாவும் சார்ள்ஸும் மகன்மார் இருந்த இலங்கைக்கே வந்து சேர்ந்தார்கள். முதுமையில் புறப்பட்ட அவர்கள் தங்களுக்கான சவப்பெட்டிகளையும், அவற்றுக்குள் பாத்திரங்களை அடுக்கி, கப்பலில் கொண்டுவந்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

களுத்துறையில் வாழ்ந்த காலத்திலும் ஜூலியா படமெடுத்தார். அந்தப் படங்களில் 30க்கும் குறைவானவையே எஞ்சியிருக்கின்றன. வீட்டு வேலைக்காரர், அயலில் இருந்த பெண்கள், முதியவர்கள், பிள்ளைகள் அவற்றில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கோப்பித் தோட்டங்களுக்காகக் கடல் கடந்து மன்னாரில் இறங்கி, வன்னிக் காடுகளூடாக மாத்தளை வரை கால்நடையாக நடந்தவர்களின் தலைமுறை அது. பசியாலும் கொள்ளைநோயாலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு எங்கும் கல்லறை இல்லை.

1878இல் எடுத்த ஒரு குழுப் படத்துக்கு ஜூலியா குறிப்பு எழுதியிருக்கிறார். படத்திலுள்ள பெண்பிள்ளைக்கு 12 வயது என்றும், உடனிருக்கும் கிழவர் தன்னை அவளின் தகப்பன் என்றும் தனக்கு 100 வயது என்றும் சொல்கிறார் என்றும் அக்குறிப்பு கூறுகிறது. வயது இருக்கிறது, ஊர் இருக்கிறது, பெயர் இல்லை.

பிரெஷ்வோட்டரில் மீனவரின் மகனுக்கும் பணிப்பெண்ணுக்கும் பெயர் இருந்தது. பிச்சை கேட்டு வந்த சிறுமிக்கும் பெயர் இருந்தது. அவர்களின் பிற்கால வாழ்க்கையைக்கூட இன்று தேடி அறிய முடிகிறது. களுத்துறைப் பிள்ளையின் முகமும் அதே கவனத்தோடுதான் பதிவாகியிருக்கிறது. ஆனால் அவள் யார், பிறகு எங்கே வாழ்ந்தாள், அவளின் சந்ததி எங்கே இருக்கிறது என்று கேட்க ஒரு நுனி கிடைக்கவில்லை. தோட்டச் சொந்தக்காரரின் மனைவிக்கு அவளின் பெயரைக் கேட்டு எழுத வேண்டும் என்று தோன்றாமற் போனது அந்தக் காலத்தின் ஆட்சி முறையோடு சேர்ந்த விடயம். தொழிலாளர் ஆட்கணக்கில் எண்ணப்பட்டார்கள். அவர்களின் வழிவந்தவர்களைத்தான் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது.

ஜூலியா 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கில் உள்ள கிளென்கெயான் தோட்டத்தில் காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் அவரை அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு சார்ள்ஸும் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

எங்கள் வீட்டுப் படங்கள்

போரில் வீடுகளை இழந்தவர்கள், அவற்றோடு அல்பங்களையும் இழந்தார்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடியபோது பலரின் கையில் மிஞ்சியது அடையாள அட்டையும் ஒன்றிரண்டு படங்களும்தான். பிள்ளையின் குழந்தைப் பருவப் படம் ஒன்றுகூட இல்லாத தாய்மார் எங்களிடையே இருக்கிறார்கள்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள், பிள்ளைகளின் படங்களை ஏந்தியபடியே இருந்தார்கள். அந்தப் படங்களில் பெயர் இருக்கிறது, பிறந்த திகதி இருக்கிறது, எங்கே, எப்போது காணாமற் போனார் என்பதும் இருக்கிறது. முகத்தை மட்டும் காட்டினால் அது யாரோ ஒரு பிள்ளை. பெயரைச் சேர்த்துக் காட்டும்போது இந்தப் பிள்ளை எங்கே என்று கேட்க முடிகிறது. களுத்துறைப் படத்தில் விடுபட்டதை எங்கள் தாய்மார் விடவில்லை.

இன்று ஒரு குழந்தையை ஒரே நாளில் நூறு படம் எடுக்கலாம். தொலைபேசி பழுதானால் நூறும் போய்விடும். அவற்றில் நல்லதாக நாலைந்தையாவது அச்சிட்டு, பின்புறத்தில் பென்சிலால் பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், ஊர், திகதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஒரு பிரதியை வேறு ஊரில் உள்ள சொந்தக்காரரிடமும் கொடுத்து வையுங்கள். பழைய படம் ஏதாவது மிஞ்சியிருந்தால், அதிலுள்ளவர்களை அடையாளம் சொல்லக்கூடிய அம்மம்மாவும் அப்பப்பாவும் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். ஒருவரின் பெயர் தவறினாலும், 100 ஆண்டுகளுக்குப் பிறகு அவரும் களுத்துறைப் பிள்ளையைப் போல வயதும் ஊரும் மட்டும் உள்ள ஒரு முகமாகிவிடுவார்.