மூப்பு வேறு, பிணி வேறு: மார்ஜரி வொறன் அம்மையார் சரிதை

நரை, திரை, மூப்பு, பிணி, சாக்காடு என மானிட வாழ்வின் துன்பங்களை நிரைப்படுத்திக் கூறுதல் நம்மவர் மரபு. இந்நிரலில் மூப்பும் பிணியும் இரு வேறு சொற்களாய் நிற்றலை ஊன்றி நோக்குதல் வேண்டும். மூப்பு உடலுக்கு இயல்பு. பிணி இடையே வந்து சேர்வது. இவ்வேறுபாட்டை மருத்துவர் மறந்தமையால், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்து நாட்டு முதியோர் பலர் காரணமின்றிப் படுத்த படுக்கையிலே காலங்கழித்தனர். அதனை மீட்டும் அவர்க்கு உணர்த்தியவர் மார்ஜரி வொறன் என்னும் பெண்மணியார். முதியோர் மருத்துவத்தின் தாய் என உலகம் அவரைப் போற்றுகின்றது.

அம்மையார் 1897ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிலே பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயிலுதல் அருமையாயிருந்த அந்நாளில், றோயல் ஃபிறீ வைத்தியசாலையிற் பயின்று 1923இல் மருத்துவரானார். 1926இல் இலண்டனின் மேற்புறத்தே, பின்னர் மேற்கு மிடில்செக்ஸ் வைத்தியசாலை எனப் பெயர்பெற்ற இடத்திற் கடமையேற்றார். அக்காலத்தில் அவர் நாட்டமெல்லாம் அறுவைச் சிகிச்சையிலேயே இருந்தது.

அவர் வாழ்வின் போக்கை மாற்றியது 1935ஆம் ஆண்டு. வைத்தியசாலைக்கு அயலே வறியோர் சட்டத்தின்கீழ் நடைபெற்ற நோயாளர் விடுதியொன்று இருந்தது. 1834இல் திருத்தியமைக்கப்பட்ட அச்சட்டம், உழைக்கவல்ல வறியோர் அரசின் உதவியை நாடாவண்ணம் அச்சுறுத்தும் நோக்குடையது. நாளடைவில் அத்தகைய விடுதிகளை நிரப்பியவரோ போக்கிடமற்ற முதியோரும் தீராநோயாளருமே. அவ்விடுதி வைத்தியசாலையோடு இணைக்கப்படவே, அங்கிருந்த 714 நோயாளரின் பொறுப்பு அம்மையார்பாற் சேர்ந்தது.

அறுவைக்கூடத்திலே புகழீட்டும் வாய்ப்புடைய ஒருவருக்கு இது விரும்பத்தக்க பதவியன்று. அம்மையாரோ ஒவ்வொருவராக அனைவரையும் பரிசோதிக்கத் தொடங்கினார். முறையான நோய்நிர்ணயம் ஒருபோதும் செய்யப்பெறாதார் அவருட் பலர். முதியோரும் இளையோரும் சித்தந் தடுமாறியோரும் வகைபிரிக்கப்படாது ஒருங்கே கிடந்தனர். பாரிசவாதத்தால் ஒருபுறம் செயலிழந்தவர், நடத்திப் பார்ப்பாரின்றிப் படுக்கைக்கே உரியவராயினர்.

இந்நிலைக்கு ஏது யாது என ஆராய்ந்த அம்மையார், படுக்கையே நோயை வளர்த்தல் கண்டார். இயங்காத தசை மெலியும். மடங்கிய மூட்டு மடங்கியவாறே இறுகும். ஓயாது அழுந்தும் தோல் புண்ணாகும். சிறுநீரை அடக்கும் ஆற்றலும் குன்றும். பிறர் கையை எதிர்பார்த்துக் கிடப்பவருக்கு ஈற்றில் உள்ளமும் சோரும். கண்டோர் இவையனைத்தையும் மூப்பின் குறியென்றனர். அம்மையாரோ, இவற்றுட் பல கவனிப்பின்மையால் விளைந்தனவென்றும், விளைந்தவாறே நீக்கத்தக்கனவென்றும் துணிந்தார்.

துணிந்ததைச் செயலிலும் காட்டினார். நோயாளரை அவரவர் நிலைக்கேற்ப வகுத்தார். இருண்ட கூடங்களுக்கு வெளிர்நிறம் பூசுவித்து நல்லொளி அமைத்தார். படுக்கைகளுக்கு வண்ண விரிப்புக்களும், நடப்போர் பற்றிச்செல்லக் கைப்பிடிகளும் வேண்டுமென்றார். மருத்துவர், தாதியர், உடற்பயிற்சி அளிப்போர், குடும்பநிலையை விசாரிக்கும் சமூகசேவையாளர் ஆகிய அனைவரும் ஒரு குழுவாய் இயங்குதல் வேண்டுமென்பது அவர் கொள்கை. எழுந்திருத்தல், உடுத்தல், உண்ணல், நடத்தல் ஆகியவற்றைத் தாமே செய்யுமாறு முதியோர் பழக்கப்பட்டனர்.

இனி எழாரென்று கைவிடப்பட்டவருட் பலர் எழுந்து நடந்தனர். சிலர் தம் இல்லம் மீண்டனர். சிலர் முதியோர் இல்லங்களிற் சேர்ந்தனர். 714 ஆயிருந்த படுக்கைத் தொகை ஏறத்தாழ 240 ஆகக் குறைந்தது. ஒழிந்த படுக்கைகள் நெஞ்சுநோயாளருக்குப் பயன்பட்டன. அனைவருமே குணமுற்றாரல்லர். குணமாகாதோருக்கும் தூய்மையும் மதிப்பும் நிறைந்த பராமரிப்பு உரித்தென்பதை அம்மையார் மறந்திலர்.

முதியோர் மருத்துவத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 1909ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர் இக்னாற்ஸ் நாஷர் ஆக்கியிருந்தார். சொல் பிறந்தும் அத்துறை வைத்தியசாலைகளில் வேரூன்றவில்லை. அம்மையார் 1943இலும் 1946இலும் மருத்துவச் சஞ்சிகைகளில் வெளியிட்ட கட்டுரைகள் அக்குறையை எடுத்துக்காட்டின. முதியோர் சிகிச்சை பொது வைத்தியசாலையின் பகுதியாக அமைதல் வேண்டும், மருத்துவ மாணவர் அதனைப் பயிலுதல் வேண்டும் என்பன அவர் வற்புறுத்தியவை. 1947இல் இத்துறை மருத்துவர் சிலர் கூடி நிறுவிய சங்கத்தின் மூலவருள் அவரும் ஒருவர். அச்சங்கமே பின்னர்ப் பிரித்தானிய முதியோர் மருத்துவச் சங்கமாயிற்று. 1948இல் தேசிய சுகாதார சேவை தோன்றியபின், முதியோர் மருத்துவம் தனித்துறையாக அங்கு வளர்ந்தது.

1960ஆம் ஆண்டு, ஜேர்மனியில் நிகழவிருந்த மகாநாடொன்றுக்குச் செல்லும் வழியில், பிரான்சு நாட்டிலே மோட்டார் விபத்துக்குள்ளாகி அம்மையார் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 62. தாம் யாருக்காக உழைத்தாரோ அம்முதியோர் பருவத்தை நெடிது காண அவருக்கு வாய்க்கவில்லை.

வயது போய்விட்டது, இனியென்ன என்று நாம் எளிதிற் சொல்லிவிடுகிறோம். அச்சொல் பிறந்த கணமே விசாரணை முடிந்துவிடுகின்றது. தந்தைக்குக் கால் தளர்ந்தது ஏன், தாய் உணவை வெறுத்தது ஏன் எனப் பின்னர் ஒருவரும் கேட்பதில்லை. 714 படுக்கைகளின் அருகே நின்று அம்மையார் கேட்டது அவ்வினாவையே. அதனை நம் இல்லத்து முதியோர் பொருட்டு நாமும் கேட்போமாக.