முதுமை வெல்லாத பயிற்சியாளர்

பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து, அந்நாட்டுக் கல்லூரிகளில் வளர்ந்த விளையாட்டாகும். அதன் முன்னோடிப் பயிற்சியாளர்களுள் ஒருவர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். நியூ ஜெர்சி மாநிலத்தில் 1862ஆம் ஆண்டு பிறந்த இவர், சமயப் போதகராகும் நோக்குடன் யேல் பல்கலைக்கழகத்தில் பயின்றார். மேடைப்பேச்சு தமக்குக் கைவரவில்லை என உணர்ந்ததும், இளைஞரை நெறிப்படுத்தும் களமாக விளையாட்டைத் தேர்ந்தார்.

ஸ்பிரிங்ஃபீல்டில் பயிற்சிப் பணியைத் தொடங்கிய ஸ்டாக், 1892இல் சிகாகோ பல்கலைக்கழகத்திற்கு வந்தார். தொடர்ந்து 56 ஆட்டங்களில் தோல்வியறியாதிருந்த மிச்சிகன் அணியை, 1905இல் அவருடைய அணி இரண்டுக்குச் சுழியம் என வென்றது.

சிகாகோவில் 41 பருவங்கள் பணியாற்றிய அவரை, எழுபது வயதில் ஓய்வு என்னும் விதி 1932இல் களத்திலிருந்து விலக்கியது. பல்கலைக்கழகம் அளிக்க முன்வந்த வேறு பதவியை அவர் ஏற்கவில்லை. கலிபோர்னியாவிலிருந்த சிறிய பசிபிக் கல்லூரியில் மீண்டும் பயிற்சியாளரானார். அங்கு 14 பருவங்கள் உழைத்த அவர், 1943இல், தம் 81ஆம் வயதில், ஆண்டின் சிறந்த பயிற்சியாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மூன்று கல்வி நிறுவனங்களில் தலைமைப் பயிற்சியாளராக அவர் ஈட்டிய வெற்றிகள் 314. பின்னர்ச் சஸ்குவஹானாவில் தம் மகனுக்குத் துணையாகவும் பயிற்சியளித்தார். 1965இல், 102ஆம் வயதில் மறைந்தார். விதி அவருடைய வயதைக் கணக்கிட்டது; அவரோ, தம்மால் இன்னும் ஆற்றக்கூடிய பணியைக் கணக்கிட்டார்.