வைத்தியர்களை உருவாக்கிய வைத்தியர்: டாக்டர் சாமுவேல் கிறீன்

ஒரு வைத்தியர் தம் வாழ்நாளிற் பல்லாயிரம் நோயாளரைக் குணப்படுத்தலாம். ஆயினும் ஒரே நேரத்தில் அவர் ஓர் இடத்தில் மட்டுமே இருக்க முடியும். வேறோர் ஊரில் அதே நேரத்தில் உயிருக்குப் போராடும் ஒருவரைக் காப்பதற்கு வேறொரு வைத்தியர் வேண்டும். இவ்வுண்மையை உணர்ந்து, நோயாளரைக் கவனித்ததோடு அமையாது வைத்தியர்களை உருவாக்குவதையும் தம் கடமையாகக் கொண்டவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். யாழ்ப்பாணத்தில் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்த முன்னோடி அவரே.

பிறப்பும் கல்வியும்

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரர் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சட்டத்தரணி. பிள்ளைகள் பலர் கொண்ட பெரிய குடும்பம். நியூயோர்க் நகரின் புகழ்பெற்ற மத்திய பூங்கா உருவாகப் பாடுபட்ட அன்ட்று ஹஸ்வெல் கிறீன் இவருடைய சகோதரராவார்.

கிறீன் நியூயோர்க்கில் வைத்தியம் பயின்று 1845இற் பட்டம் பெற்றார். தாய்நாட்டிலேயே தொழில் செய்து வசதியாக வாழும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. எனினும் அவர் அமெரிக்க மிசனில் இணைந்து 1847இல் இலங்கைக்கு வந்தார். கிறிஸ்தவ சமயப் பணியும் வைத்தியப் பணியும் அவருக்கு இரு வேறு பணிகளாகத் தோன்றவில்லை. இரண்டையும் ஒன்றாகவே கருதினார்.

அக்கால யாழ்ப்பாணம்

கிறீன் வருவதற்கு முன்னரே அமெரிக்க மிசன் வைத்தியர்கள் யாழ்ப்பாணத்திற் பணியாற்றியுள்ளனர். டாக்டர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிலும், டாக்டர் நேதன் வார்ட் வட்டுக்கோட்டையிலும் சேவை செய்தனர். சித்த வைத்தியர்களும் ஊர்தோறும் இருந்தனர். ஆனால் வாந்திபேதியும் அம்மையும் கொள்ளைநோயாகப் பரவியபோது மக்கள் பெருந்தொகையாக மடிந்தனர். பனையிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தவருக்கும், பிரசவத்தில் இடருற்ற தாய்க்கும் சத்திர சிகிச்சை கிடைப்பது மிக அரிதாயிருந்தது. மாட்டு வண்டியிற் பயணம் செய்த அக்காலத்தில், தூரத்து ஊரிலிருந்து நோயாளியைக் கொண்டுவரும் முன்னரே உயிர் பிரிந்துவிடுவதும் உண்டு.

மானிப்பாயில் வைத்திய வகுப்பு

முதலில் வட்டுக்கோட்டையில் தங்கிய கிறீன், 1848இல் மானிப்பாயைத் தம் பணிக்குரிய இடமாக்கிக்கொண்டார். அங்கு நோயாளரைப் பார்க்கத் தொடங்கிய அவ்வாண்டிலேயே மூன்று மாணவர்களைக் கொண்டு வைத்திய வகுப்பொன்றையும் ஆரம்பித்தார்.

இவ்வகுப்பில் நூலறிவும் செய்முறைப் பயிற்சியும் இணைந்து சென்றன. மாணவர்கள் பாடம் கற்றதோடு வைத்தியசாலைப் பணியிலும் ஈடுபட்டனர். நோயாளரை ஆசிரியர் எவ்வாறு பரிசோதிக்கிறார் என்பதை அருகிலிருந்து அவதானித்தனர். மருந்து தயாரித்தல், புண்ணுக்குக் கட்டுப்போடுதல், சத்திர சிகிச்சைக்கு உதவுதல் ஆகியவற்றைப் பழகினர். நோயாளியின் படுக்கையருகே நின்று கற்கும் இம்முறையே இன்றும் வைத்தியக் கல்வியின் உயிர்நாடியாக உள்ளது. இன்றைய வைத்தியசாலைகளில் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலே பயிலும் இளம் வைத்தியரும், அனுபவமிக்கவரின் மேற்பார்வையில் நோயாளரைக் கவனித்தே தம் தொழிலைக் கற்கின்றனர்.

கிறீன் எதிர்கொண்ட சிக்கல்

தொடக்கத்தில் வகுப்புகள் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. அதற்கேற்ற நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. மாணவர்களும் ஆங்கிலம் கற்றவர்களே. ஆயினும் காலப்போக்கில் கிறீன் ஓர் உண்மையைக் கண்டார். ஆங்கிலத்திற் பயின்று தேறியவர்களுக்கு அரசாங்க உத்தியோகங்கள் காத்திருந்தன. நல்ல சம்பளம் கிடைத்ததால் அவர்கள் வேறிடங்களுக்குச் சென்றனர். எந்தக் கிராமத்து மக்களுக்காக அவர்களைப் பயிற்றினாரோ அந்தக் கிராமங்கள் மீண்டும் வைத்தியரின்றி நின்றன.

இளைஞர்கள் உயர்வை நாடிச் சென்றதைத் தவறென்று கூற முடியாது. ஆனால் நோயாளியின் தேவையும் பொய்யானதன்று. இவ்விரண்டுக்கும் இடையிலே கிறீன் ஒரு முடிவை எடுக்க வேண்டியிருந்தது. வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிப்பது என்பதே அம்முடிவு. தமிழிற் பயின்றவர்கள் தமிழ்க் கிராமங்களில் தங்கித் தொழில் செய்வர் என்று அவர் எதிர்பார்த்தார். உடையிலும் உணவிலும் பேச்சிலும் தம் மாணவர் ஊர்மக்களிடமிருந்து விலகிவிடக் கூடாது என்றும் விரும்பினார்.

இடையில் 1858 முதல் 1862 வரை தாய்நாட்டில் இருந்த கிறீன், 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்னும் அம்மையாரை மணந்து அவருடன் யாழ்ப்பாணம் திரும்பினார். 1864இலே தமிழ்மொழி மூலமான வைத்திய வகுப்பு ஆரம்பமாயிற்று.

தமிழில் வைத்திய நூல்கள்

தமிழிற் கற்பிப்பதற்குத் தமிழில் நூல்கள் வேண்டும். கிறீன் தாமே தமிழைக் கற்று, அப்பணியை ஆங்கில வகுப்புகள் நடந்த காலத்திலேயே தொடங்கியிருந்தார். வாந்திபேதி, தாய் சேய் பராமரிப்பு முதலிய பொருள்களில் மக்களுக்குரிய சிறு பிரசுரங்களை வெளியிட்டார். பின்னர் பெரிய நூல்களை மொழிபெயர்ப்பதில் ஈடுபட்டார். அவருடைய மாணாக்கரான டன்போத், சப்மன் போன்றோர் இப்பணியிற் பெருந்துணை புரிந்தனர்.

பிரசவ வைத்திய நூல் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும் வெளிவந்தன. மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் ஆகிய இரண்டும் 1872இல் வெளிவந்தன. கெமிஸ்தம் 1875இல் வந்தது. இவருடைய முயற்சியால் தமிழில் வெளிவந்த வைத்திய நூல்களின் பக்கங்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை.

கலைச்சொற்களை ஆக்குவதே இதில் மிகக் கடினமான வேலை. வழக்கிலுள்ள தமிழ்ச் சொல் கிடைத்தால் அதனைக் கையாண்டார். அது கிடையாதபோது வடமொழிச் சொல்லை நாடினார். அதுவும் பொருந்தாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதினார். பிற்காலத்திற் கலைச்சொல் ஆக்கத்தில் ஈடுபட்டோருக்கு இம்முயற்சி வழிகாட்டியாக அமைந்தது.

இறுதிக் காலம்

உடல்நலம் குன்றியமையால் கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூல்களைத் திருத்தி வெளியிடும் பணியைக் கைவிடவில்லை. மனுஷ சுகரணம் 1883இலும், இந்து பதார்த்த சாரம் 1884இலும் வெளிவந்தன. 1884 மே 28ஆம் திகதி பிறந்த ஊரிலேயே காலமானார். தமிழருக்குத் தொண்டாற்றிய மருத்துவ ஊழியர் என்ற செய்தி அவருடைய கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ளது.

அவர் பயிற்றிய வைத்தியர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்களுள் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் தமிழிலேயே பயின்றவர்கள். மானிப்பாயிலுள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மதிப்பீடு

கொழும்பு வைத்தியக் கல்லூரி 1870இல் ஆங்கில மூலம் ஆரம்பமாயிற்று. கிறீன் சென்றபின் தமிழ்மூல வைத்தியக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. இலங்கையில் வைத்தியக் கல்வி இன்றும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகிறது. அவர் ஆக்கிய சொற்கள் பல வழக்கொழிந்தன. அவ்வாறாயின் அவர் முயற்சி தோல்வியா? அவ்வாறு கூறுதல் பொருந்தாது. எத்துணைக் கடினமான அறிவியலையும் தமிழிற் கற்பிக்கலாம் என்பதை அவர் செயலிற் காட்டினார். அவருடைய மாணவர்கள் தாம் சென்ற இடங்களிலெல்லாம் உயிர்களைக் காத்தனர். மாணவர்களே, தாம் கற்றதைத் தம்மோடு முடித்துவிடாது பிறருக்குக் கையளித்தவர் என்பதே கிறீனின் பெருமை எனக் கொள்ளுங்கள்.

நினைவிற் கொள்க

1822 – பிறப்பு
1847 – இலங்கை வருகை
1848 – மானிப்பாயில் வைத்திய வகுப்பு ஆரம்பம்
1864 – தமிழ்மூல வைத்திய வகுப்பு ஆரம்பம்
1873 – தாயகம் திரும்புதல்
1884 – மறைவு

அருஞ்சொற்கள்

அங்காதிபாதம் – உடலமைப்பியல்
சுகரணம் – உடற்றொழிலியல்
இரண வைத்தியம் – சத்திர சிகிச்சை
கெமிஸ்தம் – இரசாயனவியல்

பயிற்சி வினாக்கள்

1. கிறீன் வருவதற்கு முன் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் இருவரைப் பெயரிடுக.
2. கலைச்சொல் ஆக்கத்திற் கிறீன் பின்பற்றிய ஒழுங்கை உதாரணத்துடன் விளக்குக.
3. வைத்தியக் கல்வியைத் தமிழில் நடத்தக் கிறீன் முடிவு செய்தமைக்குரிய காரணங்களைத் தருக.
4. கிறீனின் தமிழ்மூல வைத்தியக் கல்வி வெற்றி பெற்றதா? உமது கருத்தைக் காரணங்காட்டி எழுதுக.