லேடாங் மலையில் வாலஸ்

நியாலாஸிலிருந்து லேடாங் மலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் நினைவுக்கு வருகிறார்.

1823-இல் வேல்ஸில் பிறந்த அவர், குடும்பத்தில் பணமில்லாததால் 14 வயதில் பள்ளியை விட்டார். நில அளவை வேலைக்காக ஊர் ஊராக நடந்தபோது செடிகளைக் கவனிக்கப் பழகினார். பின்னர் நான்கு ஆண்டுகள் அமேசான் காட்டில் உயிரினங்களைச் சேகரித்தார். 1852-இல் நாடு திரும்பும் வழியில் கப்பல் தீப்பற்றியது. கையோடு கொண்டுவந்தவற்றில் பெரும்பாலானவை அழிந்தன.

என்னைப் போன்றவர் அத்தோடு விட்டிருப்பார். அவரோ 1854-இல் சிங்கப்பூர் வந்தார். அதே ஆண்டு மலாக்காவிலிருந்து ஆறு மலாய்க்காரர்களுடன் லேடாங் மலை ஏறினார். வழியில் யானைச் சாணத்தையும் காண்டாமிருகத் தடத்தையும் கண்டார். அந்த விலங்குகளைக் காணவில்லை. தாகம் தணிக்க, பூச்சிகள் மிதந்த குடுவைச் செடி நீரைக் குடித்தார்.

எட்டு ஆண்டுகளில் இந்த வட்டாரத் தீவுகளில் அவர் சேகரித்தவை 125,660. இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினைப் போலவே தாமும் தனியாகக் கண்டறிந்தார். 1858-இல் இருவர் கட்டுரைகளும் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. 1913-இல் காலமானார்.

மலேசியாவின் கடைசிக் காண்டாமிருகம் 2019-இல் சபாவில் இறந்தது. வாலஸ் கண்ட தடத்தை நாம் இனி லேடாங்கில் காண முடியாது. மாணவ நண்பர்களே, அடுத்த முறை மலையேறும்போது ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்வோம். எஞ்சியிருப்பவற்றையாவது கவனித்து எழுதி வைப்போம்.