வைரம் தேடி வந்தவருக்கு தங்கசாலையில் ஆறடி மண்! சென்னை யூத இடுகாட்டுக்கு அடிபோட்ட பைவா

சென்னை லாயிட்ஸ் ரோடு. இப்போது அவ்வை சண்முகம் சாலை. பஸ்சும் ஆட்டோவும் ஓயாமல் ஓடும் இந்த ரோட்டை ஒட்டி யூதர்களுக்கென்று சின்னதாய் ஒரு இடுகாடு இருக்கிறது. தினமும் அந்த வழியாகப் போகிறவர்களில் பலருக்கே இது தெரியாது. உள்ளே இருப்பது சில கல்லறைகள்தான்.

ஆனால் சென்னை யூத இடுகாட்டின் கதை இங்கே ஆரம்பிக்கவில்லை. 300 வருஷத்துக்கும் முன்னால் தங்கசாலையில் ஆரம்பிக்கிறது. ஆரம்பித்து வைத்தவர் ஜாக் டி பைவா என்ற வைர வியாபாரி.

ஊர் விட்டு ஊர்

பைவாவின் இனத்தார் போர்ச்சுக்கல் நாட்டு யூதர்கள். 1497-ம் ஆண்டு அங்கே யூதர்களைக் கட்டாய மதமாற்றம் செய்தார்கள். ரகசியமாய் பழைய மதத்தைக் கும்பிட்டவர்களுக்கு விசாரணை, சிறை, மரண தண்டனை. தப்பித்தவர்களில் பலர் ஆலந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் போய் ஒண்டினார்கள். அந்த ஊரிலிருந்துதான் பைவா கப்பல் ஏறினார்.

1684-ம் ஆண்டு சென்னைக்கு வந்து இறங்கினார். கூடவே மனைவி ஹிரோனிமா. ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்திய கம்பெனி ஆட்சி நடத்திய காலம் அது.

அப்போது உலகத்துக்கே வைரம் கொடுத்தது கோல்கொண்டா ராஜ்ஜியம். லண்டனிலிருந்து வெள்ளியும் பவளமும் வரும். இங்கிருந்து வைரம் போகும். பாரிமுனை பக்கம் இன்றைக்கும் இருக்கிற பவளக்காரத் தெரு அந்த வியாபாரத்தின் மிச்சம்தான்.

பைவா கெட்டிக்காரர். கோட்டை அதிகாரிகளிடம் நல்ல பேர் வாங்கினார். கோல்கொண்டாவில் சுரங்கங்களையும் வாங்கிப் போட்டார். யூதர்கள் கோட்டைக்குள்ளேயே குடியிருக்க அனுமதி கிடைத்ததும் அவரது முயற்சியால்தான்.

சாவுக்கும் ஒரு இடம்

பிழைக்க வந்த ஊரில் வீடு கிடைத்துவிட்டது. செத்தால் எங்கே புதைப்பது? கோட்டைக்கு வெளியே பெத்தநாயக்கன்பேட்டையில் யூதர்களுக்கு ஒரு இடுகாட்டை ஏற்படுத்தினார் பைவா. பின்னாளில் நாணயம் அடிக்கும் சாலை வந்து தங்கசாலை தெரு என்று பேர் வாங்கிய பகுதி அது.

அந்த இடம் தனக்கே சீக்கிரம் தேவைப்படும் என்று அவர் நினைத்திருப்பாரா? 1687-ம் ஆண்டு சுரங்கங்களைப் பார்க்கப் போனார். போன இடத்தில் நோயில் விழுந்தார். பிழைக்கவில்லை. சென்னைக்கு வந்து முழுசாய் நாலு வருஷம்கூட ஆகவில்லை. தான் ஏற்படுத்திய மண்ணிலேயே அடக்கம் ஆனார்.

கவர்னர் வீட்டில் விதவை

அதே 1687-ல்தான் எலிகு யேல் சென்னை கவர்னர் ஆனார். கம்பெனியில் சாதாரண குமாஸ்தாவாக வந்து உயர்ந்தவர். பெண்டாட்டி, பிள்ளைகள் உண்டு. பைவா இறந்த பிறகு ஹிரோனிமா யேல் வீட்டுக்கே குடிபோனார். இருவருக்கும் சார்லஸ் என்று ஒரு மகனும் பிறந்தான். ஊர் வாய் சும்மா இருக்குமா? கோட்டை முழுக்க இதே பேச்சு. யேலின் மனைவி 1689-ல் இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டார்.

முறைகேடு புகார்கள் கிளம்ப, 1692-ல் யேலின் கவர்னர் பதவி போனது. ஆனாலும் பெரும் பணத்தோடுதான் 1699-ல் ஊர் திரும்பினார். பிறகு அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு சரக்கு மூட்டைகளும் புத்தகங்களும் அனுப்பினார். 1718-ல் அந்தக் கல்லூரிக்கு அவர் பேரையே வைத்தார்கள். அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம்!

கல்லும் இடம் மாறியது

பைவா போட்ட அடி வீண் போகவில்லை. 1688-ல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது உறுப்பினர்களில் யூத வியாபாரிகளும் இருந்தார்கள். ஐசக் சார்டோ 1709-லும், ஆபிரகாம் சாலமன்ஸ் 1745-லும், சாலமன் பிராங்கோ 1763-லும் சென்னையிலேயே மண்ணுக்குள் போனார்கள்.

1720-களில் பிரேசில் நாட்டில் வைரம் கிடைத்தது. சென்னை வியாபாரம் படுத்தது. யூதர்கள் ஒவ்வொருவராய்க் கிளம்பினார்கள். இடுகாடு மட்டும் தங்கிவிட்டது. கேட்க ஆள் இல்லாத இடம் எத்தனை நாள் நிற்கும்? தங்கசாலையில் நெரிசல் கூடக்கூட கல்லறைக் கற்களும் இடம் பெயர்ந்தன. கடைசியில் வந்து சேர்ந்த இடம்தான் லாயிட்ஸ் ரோடு.

புதைத்த இடத்தைக் கலைக்கக் கூடாது என்பது யூதர்களின் வழக்கம். இடுகாட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பேர்களில் ஒன்று, வாழ்வின் வீடு. பூவுக்குப் பதில் கல்லறை மேல் சின்னக் கூழாங்கல் ஒன்றை வைத்துவிட்டுப் போவார்கள். வந்து பார்த்தோம், மறக்கவில்லை என்று அர்த்தம்.

பைவாவின் விதவையோடு வாழ்ந்தவர் பேரை உலகமே சொல்கிறது. தன் ஜனத்துக்கு ஆறடி மண் தேடித் தந்தவர் பேரைச் சொல்ல சென்னையில் ஒரு தெருகூட இல்லை. அவருக்காக ஒரு கூழாங்கல் வைக்கவும் ஆள் இல்லை. தங்கசாலை பக்கம் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நினைத்துக் கொண்டால் அதுவே போதும்.