கடலடியில் ஹலி

1758 ஆம் ஆண்டில் மீண்டு வந்த வால்வெள்ளியால் எட்மண்ட் ஹலியை மாணவர் அறிவர். அவர் கடலடியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அமர்ந்திருந்த செய்தியை அறிந்தோர் சிலரே.

1656 இல் இலண்டனுக்கு அணித்தாய ஓரூரில், சவர்க்காரம் செய்வோர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார் ஹலி. இருபதாம் அகவையிலே சென். எலேனாத் தீவுக்குச் சென்று தென்வான் மீன்களை அளந்தார். நியூற்றனின் பெருநூல் 1687 இல் வெளிவரத் தம் கைப்பொருளை ஈந்தார். இவை பலரும் அறிந்தவை, விடுவோம்.

1691 இல் ஆபிரிக்க வணிகக் கும்பனியின் கப்பலொன்று சசெக்ஸ் கரையருகே அமிழ, அதன் சரக்கை மீட்கும் முயற்சியில் அவர் இறங்கினார். மணிபோன்ற கூட்டினைக் கவிழ்த்து, அதனுள் இருந்து கடலில் இறங்குதல் பழைய முறையே. ஆயின் முப்பத்துமூன்று அடி ஆழத்தில் உள்ளிருக்கும் காற்றுப் பாதியாய்ச் சுருங்கும், நீர் மேலேறும், மூச்சும் கெடும். புதுக்காற்றை ஊட்டி நீரை வெளியேற்றினாலோ, கூடு மேலெழ முயலும். அறுபது கன அடி கொண்ட அவரது மரக்கூடு காற்றால் நிறைந்தபோது, கடல்நீர் அதனை மூவாயிரத்து எண்ணூறு இறாத்தலுக்கு மேற்பட்ட விசையோடு உந்தும். அதனை வெல்லுமளவு ஈயத்தை அவர் போர்த்தினார். அதன் பாரத்தையும் அடிவிளிம்பிலே மிகுவித்தார். கூடு சாயின் காற்றுப் பறந்துவிடும். உள்ளிருப்போர் கதி யாதாகும்!

காற்றைக் கொணர்ந்தவை ஈயம் போர்த்த இரு பீப்பாக்கள். ஈயமின்றேல் அவை தக்கைபோல் மிதந்துவிடும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துளை. மேலே மெழுகும் எண்ணெயும் ஊட்டிய தோற்குழாய். பாரம் கட்டிய குழாய்முனை துளைக்கும் கீழே தொங்குமாதலின் காற்று வெளியேறாது. அம்முனையைக் கூட்டுக்குள் உயர்த்தியதும், துளைவழி புகும் நீர் காற்றை உள்ளே தள்ளும். இக்காலச் சுழியோடி சுமக்கும் உருளை, காற்றுச் செலவாகச் செலவாக ஐந்தாறு இறாத்தல் இலேசாகும். ஆதலின் அவர் திரும்பும் வேளைக்குரிய ஈயத்தையும் புறப்படும்போதே கட்டிக்கொள்வர். ஹலியின் பீப்பாவோ காற்றை இழந்து நீரால் கனத்தது. அக்கனம் மேலே கயிறிழுப்போர்க்கே துன்பமாயிற்று.

இக்கூட்டில் ஒன்பது பத்துப் பாக ஆழத்தில் ஐவர் தங்கினர். அவ்வைவருள் ஹலியும் ஒருவர். இறங்குகையில் செவிநோவு அவரையும் வருத்தியது. பன்னிரண்டடிக்கு ஒருமுறை நிறுத்திக் காற்றேற்றியே இறங்கினர். மேலிருப்போர்க்குரிய கட்டளைகளை ஈயத்தகட்டில் இரும்பெழுத்தாணியால் எழுதி அனுப்பினார். நம் முன்னோர் ஓலையில் ஓட்டிய எழுத்தாணி அங்குக் கடலடியில் ஓடியது!

இவற்றை அவர் அரச கழக இதழில் விரித்தெழுதியது 1716 இலேயே. 1720 இல் அரச வானியலாளர் பதவியேற்றார். அறுபத்தைந்து கடந்தபின் பதினெட்டாண்டுச் சந்திர அவதானிப்பைத் தொடங்கி நிறைவேற்றினார். 1742 இல் கிரீனிச்சிலே காலமானார்.