கோர்டன் கொவென்ட்ரி

கோர்டன் ரிச்சர்ட் ஜேம்ஸ் கொவென்ட்ரி (செப்டம்பர் 25, 1901 – நவம்பர் 7, 1968) ஆஸ்திரேலிய விதிக் காற்பந்தாட்ட வீரர் ஆவார். இவர் 1920 முதல் 1937 வரை மெல்பேர்ண் நகரின் கொலிங்வுட் கழகத்துக்காக 306 ஆட்டங்களில் ஆடி 1,299 கோல்கள் அடித்தார். விக்டோரியக் காற்பந்து லீக்கில் ஒரே பருவத்தில் 100 கோல்களை எட்டிய முதல் வீரரும், மொத்தம் 1,000 கோல்களை எட்டிய முதல் வீரரும், 300 ஆட்டங்களில் ஆடிய முதல் வீரரும் இவரே. இவரது மொத்தக் கோல் எண்ணிக்கைச் சாதனை 62 ஆண்டுகள் முறியடிக்கப்படாமல் இருந்தது. இருந்தும், இவ்விளையாட்டின் தலைசிறந்த கோல் வீரர் யார் என்ற பேச்சு எழும்போது இவருடைய பெயர் பெரும்பாலும் மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் வருகிறது. இவர் குறைத்து மதிப்பிடப்பட்டவரா என்ற கேள்வி அதனாலேயே தொடர்ந்து எழுந்து வருகிறது.

ஆட்டத்தைப் பற்றிய குறிப்பு

ஆஸ்திரேலிய விதிக் காற்பந்தாட்டம் நம் நாட்டில் அறியப்பட்ட காற்பந்தாட்டத்திலிருந்து வேறுபட்டது. முட்டை வடிவ மைதானத்தில், முட்டை வடிவப் பந்தைக் கொண்டு, அணிக்குப் பதினெட்டுப் பேராக ஆடப்படுகிறது. மைதானத்தின் இரு முனைகளிலும் நான்கு கம்பங்கள் வீதம் நிற்கும். நடுவிலுள்ள இரு உயரமான கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தால் ஒரு கோல். அதற்கு 6 புள்ளிகள். ஓரத்துக் கம்பங்களுக்கும் நடுக் கம்பங்களுக்கும் இடையே பந்து சென்றால் 1 புள்ளி மட்டுமே கிடைக்கும். உதைக்கப்பட்டு வரும் பந்தை நிலத்தில் விழுமுன் கையால் பற்றிக்கொள்வது 'மார்க்' எனப்படும். மார்க் எடுத்தவர் எவருடைய இடையூறும் இன்றிப் பந்தை உதைக்கலாம். கோல் கம்பங்களுக்கு நேர் முன்னால் நின்று, மார்க் எடுத்துக் கோல் அடிப்பதையே தொழிலாகக் கொண்டவர் 'ஃபுல் ஃபார்வர்ட்' எனப்படுவார். கொவென்ட்ரி தமது வாழ்நாளின் பெரும்பகுதியை ஆடியது இந்த இடத்தில்தான்.

இளமையும் கொலிங்வுட் வருகையும்

கொவென்ட்ரி மெல்பேர்ணுக்கு வடகிழக்கே, அக்காலத்தில் பழத்தோட்டங்களுக்குப் பெயர் பெற்றிருந்த டயமண்ட் கிரீக் என்ற சிற்றூரில் பிறந்தார். 1920 ஆம் ஆண்டில், தமது பதினெட்டாம் வயதில், கொலிங்வுட் கழகத்தின் முதல் அணியில் இடம்பெற்றார். அப்போது அக்கழகத்தின் கோல் முனையில் டிக் லீ நின்றுகொண்டிருந்தார். 700க்கும் மேற்பட்ட கோல்களை அடித்து அக்காலத்தின் சாதனையாளராக விளங்கியவர் அவர். அவர் 1922 ஆம் ஆண்டுடன் ஓய்வு பெற்றார். அதே 1922 முதல் 1937 வரை, தொடர்ந்து பதினாறு பருவங்கள், கொலிங்வுட்டின் அதிகக் கோல் அடித்த வீரராகக் கொவென்ட்ரியே இருந்தார்.

இவருடைய அண்ணன் சிட் கொவென்ட்ரி 1922 இல் அதே கழகத்தில் சேர்ந்தார். தம்பி முதலில் வந்தவர் என்றாலும் புகழில் அண்ணன் விரைவிலேயே முந்திக்கொண்டார். சிட் 1927 இல் அணித்தலைவரானார். லீக்கின் மிக உயர்ந்த தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கத்தையும் அதே ஆண்டில் வென்றார். பிற்காலத்தில் கழகத்தின் தலைவராகவும் பதவி வகித்தார். அக்காலக் கொலிங்வுட்டைப் பற்றி எழுதுவோர் சிட் கொவென்ட்ரியின் தலைமையையும், பயிற்சியாளர் ஜொக் மக்கேலின் கண்டிப்பையும், காலியர் சகோதரர்களின் துணிவையும் விரிவாகச் சொல்லிவிட்டு, கோர்டனின் கோல் எண்ணிக்கையை ஒரு வரியில் குறித்துவிட்டுச் செல்வது வழக்கமாகிவிட்டது.

நான்கு தொடர் வெற்றிகள்

கொலிங்வுட் 1922, 1925, 1926 ஆகிய ஆண்டுகளின் பெரும் இறுதியாட்டங்களில் தோற்றது. பின்னர் 1927, 1928, 1929, 1930 என நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வாகை சூடியது. இந்தச் சாதனையை வேறு எந்தக் கழகமும் இன்றுவரை சமன் செய்யவில்லை. ஒவ்வொரு வீரரும் தம் பங்கைத் தவறாமல் செய்து முடித்ததால் அந்த அணி 'இயந்திரம்' என்று அழைக்கப்பட்டது.

1927 ஆம் ஆண்டின் பெரும் இறுதியாட்டம் கடும் மழையில், சேற்றில் நடைபெற்றது. ரிச்மண்ட் அணிக்கு எதிராகக் கொலிங்வுட் 25க்கு 13 என்ற புள்ளிக் கணக்கில் வென்றது. பெரும் இறுதியாட்டங்களின் வரலாற்றிலேயே இதுவே மிகக் குறைந்த மொத்தப் புள்ளி எண்ணிக்கை. கொலிங்வுட் அன்று அடித்த கோல்கள் இரண்டே; இரண்டையும் அடித்தவர் கோர்டன் கொவென்ட்ரி. மறு ஆண்டு அதே ரிச்மண்டுக்கு எதிரான பெரும் இறுதியாட்டத்தில் அணி அடித்த 13 கோல்களில் 9 இவருடையவை. இந்த எண்ணிக்கையை 1989 இல் ஜீலோங்கின் கேரி ஆப்லெட் சமன் செய்தார். இதுவரை எவரும் தாண்டவில்லை. சேற்றில் இரண்டு கோல், உலர்ந்த மைதானத்தில் ஒன்பது கோல் என்ற இந்த இரு ஆட்டங்களை அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள், இவர் நல்ல அணியின் தயவில் கோல் குவித்தவர் என்ற கூற்றை எளிதில் ஏற்கமாட்டார்கள்.

1927 ஆம் ஆண்டில் இவர் அடித்த கோல்கள் 97. லீக்கில் அதுவரை எவரும் ஒரு பருவத்தில் நூறைத் தொட்டதில்லை. 1929 இல் 124 கோல்களுடன் அந்த எல்லையை இவர் கடந்தார். அவ்வாண்டு கொலிங்வுட் சுற்று ஆட்டங்கள் பதினெட்டிலும் வென்று, தோல்வியே அறியாமல் இறுதிச் சுற்றுக்கு வந்தது. அதே ஆண்டு ஹோதோர்ன் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 16 கோல்களும், 1930 இல் விக்டோரியா பார்க் மைதானத்தில் ஃபிட்ஸ்ரோய் அணிக்கு எதிராக 17 கோல்களும் அடித்தார். பின்னைய எண்ணிக்கை 1947 இல் மெல்பேர்ண் அணியின் ஃப்ரெட் ஃபானிங் 18 கோல்கள் அடிக்கும் வரை லீக் சாதனையாக நிலைத்தது.

1926 முதல் 1930 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக லீக்கின் அதிகக் கோல் அடித்த வீரராக இருந்த இவர், 1933 இல் சுற்று ஆட்டங்களில் 108 கோல்களுடன் மீண்டும் முதலிடம் பெற்றார். கழகத்தின் சிறந்த வீரருக்கான கோப்லண்ட் கோப்பை இவருக்குக் கிடைத்ததும் அவ்வாண்டில்தான். அதுவும் ஒரே ஒருமுறை. 1934 இல் லீக் வரலாற்றில் முதன்முறையாக ஆயிரமாவது கோலை அடித்தார்.

ஆட்ட முறை

கொவென்ட்ரி பார்வையாளர்களை மயக்கும் ஆட்டக்காரர் அல்லர். எதிராளியின் தோள்மீது ஏறிப் பறந்து பந்தைப் பிடிக்கும் வித்தை இவரிடம் இல்லை. பந்து எங்கே வந்து விழும் என்பதை முன்கூட்டியே கணித்து, உடலை எதிராளிக்கு முன்னால் நிறுத்தி, வலிய கைகளால் பந்தைப் பற்றுவதே இவரது முறை. கைக்குள் வந்த பந்து நழுவுவது அரிது. பின்னர் அவசரமின்றிக் குறிபார்த்து உதைப்பார். பதினெட்டுப் பருவங்கள் இதையே திரும்பத் திரும்பச் செய்தார். காண்பவர்களுக்கு இது எளிய செயலாகத் தோன்றியிருக்கக்கூடும். எளிதாகத் தோன்றும் செயலுக்குக் கைதட்டல் குறைவாகவே கிடைக்கிறது.

1936 ஆம் ஆண்டுத் தடை

பதினாறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆடியும் கொவென்ட்ரிமீது முறைகேடான ஆட்டம் குறித்து ஒரு புகார்கூட எழுந்ததில்லை. 1936 இல் ரிச்மண்ட் அணிக்கு எதிரான ஆட்டத்தின்போது இவருடைய பிடரியில் கட்டிகள் இருந்தன. எதிரணித் தடுப்பாட்டக்காரர் ஜோ மர்டோக்கின் அடிகள் அந்தக் கட்டிகளின் மேல் விழுந்ததைப் பொறுக்காமல் இவர் திருப்பி அடித்தார். விசாரணைக் குழு இவருக்கு எட்டு ஆட்டங்கள் தடை விதித்தது. முதல் குற்றத்துக்கு இத்தண்டனை மிகக் கடுமையானது எனப் பரவலாகக் கருதப்பட்டது.

தடையின் விளைவாக அப்பருவத்தின் எஞ்சிய பகுதி முழுவதையும் இவர் இழந்தார். கொலிங்வுட் அவ்வாண்டு சவுத் மெல்பேர்ண் அணியை 89க்கு 78 என்ற கணக்கில் வென்று வாகை சூடியபோது கொவென்ட்ரி மைதானத்தில் இல்லை. ஆறாக இருந்திருக்க வேண்டிய இவரது வாகைப்பட்டங்கள் ஐந்துடன் நின்றன (1927, 1928, 1929, 1930, 1935). இதில் ஒரு விந்தையும் உண்டு. முந்தைய ஆண்டு இதே இரு அணிகள் மோதிய பெரும் இறுதியாட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன், சவுத் மெல்பேர்ணின் புகழ்பெற்ற கோல் வீரர் பாப் பிராட் டிராம் வண்டியிலிருந்து இறங்கும்போது சரக்குந்து மோதிக் காயமடைந்து ஆட முடியாமல் போனார். இவ்வாறு அக்காலத்தின் இரு பெரும் கோல் வீரர்களும் அடுத்தடுத்த ஆண்டுகளில் பெரும் இறுதியாட்டத்தைத் தவறவிட்டனர்.

தண்டனையால் மனம் நொந்த கொவென்ட்ரி ஓய்வு பெறுவதாக அறிவித்தார். ஆயினும் 1937 இல் மீண்டும் களமிறங்கி, 35 வயதில் 72 கோல்கள் அடித்தார். முந்நூறாவது ஆட்டத்தையும் அவ்வாண்டில் கடந்தார். ஜீலோங் அணியிடம் கொலிங்வுட் தோற்ற அவ்வாண்டின் பெரும் இறுதியாட்டமே இவரது கடைசி ஆட்டம்.

மதிப்பீடு

இவர் குறைத்து மதிப்பிடப்பட்டார் எனக் கருதுவோர் முதலில் சுட்டுவது 1996 இல் அறிவிக்கப்பட்ட ஆஸ்திரேலியக் காற்பந்து லீக்கின் நூற்றாண்டு அணியை ஆகும். அவ்வணியில் ஃபுல் ஃபார்வர்ட் இடம் எசெண்டன் கழகத்தின் ஜோன் கோல்மனுக்குக் கிடைத்தது. மாற்று வீரர்களின் வரிசையில்கூடக் கொவென்ட்ரி இல்லை. அன்றைய நாளில் லீக் வரலாற்றிலேயே அதிகக் கோல் அடித்திருந்தவர் இவர்தான் என்பதைக் கருதும்போது இது வியப்பளிக்கிறது. ஆண்டுதோறும் அதிகக் கோல் அடிப்பவருக்கு வழங்கப்படும் பதக்கமும் கோல்மன் பெயரையே தாங்குகிறது.

மறுதரப்பின் வாதத்திலும் நியாயம் உண்டு. கோல்மன் 98 ஆட்டங்களில் 537 கோல்கள் அடித்தார். ஆட்டத்துக்கு ஐந்துக்கும் மேல். முழங்கால் காயம் 1954 இல், 25 வயதில், அவரது ஆட்டவாழ்வை முடித்துவிட்டது. பாப் பிராட் 1934 இல் 150 கோல்கள் அடித்தார். அவ்வெண்ணிக்கையைப் பின்னர் 1971 இல் ஹோதோர்னின் பீட்டர் ஹட்சன் மட்டுமே எட்டினார். கொவென்ட்ரியின் சராசரி ஆட்டத்துக்கு 4.25 கோல்கள். இது மிக உயர்ந்ததே எனினும் ஹட்சன், கோல்மன், டோனி லொக்கெட் ஆகியோரைவிடக் குறைவு. உச்ச நிலையில் ஓர் ஆட்டக்காரர் எவ்வளவு உயர்ந்தார் என்பதை அளவுகோலாகக் கொண்டால் கொவென்ட்ரி பின்தங்கத்தான் செய்வார்.

விதி மாற்றம் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1925 முதல், பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே சென்றால் அதைக் கடைசியாகத் தொட்ட வீரருக்கு எதிராகத் தனி உதை வழங்கப்பட்டது. இதனால் அணிகள் ஓரங்களைத் தவிர்த்து நடுவழியே பந்தைச் செலுத்தின. நடுவில் நின்ற கோல் வீரர்கள் பயன்பெற்றனர். 1930களில் நூறு கோல் அடித்தவர்கள் பெருகியதற்கு இவ்விதி ஒரு காரணம். இது கொவென்ட்ரியின் எண்ணிக்கைக்குச் சற்று உதவியது உண்மையே. ஆனால் அதே விதியின் கீழ் ஆடிய மற்றவர்கள் எவரும் ஆயிரத்தை எட்டவில்லை. மேலும் இவர் இவ்விதி வருவதற்கு முன்பே மூன்று பருவங்கள் தம் கழகத்தின் முதன்மைக் கோல் வீரராக இருந்திருக்கிறார். மிகச் சிறந்த பத்து ஆட்டங்களைப் பார்த்து மதிப்பிடுவோருக்குக் கோல்மனே உயர்ந்தவர். பதினெட்டு ஆண்டுகள் ஓர் அணி ஒவ்வொரு சனிக்கிழமையும் யாரை நம்பியிருந்தது என்று கேட்போருக்குக் கொவென்ட்ரிக்கு இணை சொல்வது கடினம். இவர் ஆட்டத்தின் அசைபடங்கள் மிகக் குறைவாக எஞ்சியிருப்பதும், அண்ணனும் உடன் ஆடியவர்களும் பிரவுன்லோ பதக்கம் பெற்றிருக்க இவர் அதைப் பெறாததும் இம்மதிப்பீட்டைப் பாதித்திருக்கின்றன.

முற்றிலும் மறக்கப்பட்டவர் என்றும் சொல்ல இயலாது. 1996 இல் ஆஸ்திரேலியக் காற்பந்துப் புகழ் மண்டபம் தொடங்கப்பட்டபோதே இவர் அதில் சேர்க்கப்பட்டார். 1998 இல் அதன் மிக உயர்ந்த 'லெஜண்ட்' நிலைக்கு உயர்த்தப்பட்டார். கொலிங்வுட் தனது நூற்றாண்டு அணியில் ஃபுல் ஃபார்வர்ட் இடத்தை இவருக்கே அளித்தது. அக்கழகத்தில் அதிகக் கோல் அடிப்பவர் பெறும் கோப்பை இவர் பெயரால் வழங்குகிறது.

மறைவும் பின்னரும்

கொவென்ட்ரி தாம் பிறந்த டயமண்ட் கிரீக்கிலேயே 1968 நவம்பர் 7 அன்று, 67 வயதில் காலமானார். அப்போது இவரது சாதனைக்கு வயது 31. இன்னும் அதே அளவு காலம் அது நிலைக்க இருந்தது.

1999 ஜூன் 6 அன்று சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் சிட்னி அணியின் டோனி லொக்கெட் தமது 1,300 ஆவது கோலை அடித்துச் சாதனையை முறியடித்தார். அன்றைய எதிரணி கொவென்ட்ரியின் கொலிங்வுட். லொக்கெட் 1,360 கோல்களுடன் ஓய்வு பெற்றார். கொவென்ட்ரி இன்றளவும் இரண்டாம் இடத்தில் இருக்கிறார். மூன்றாவதாக வரும் ஹோதோர்னின் ஜேசன் டன்ஸ்டல் அடித்தவை 1,254. மெல்பேர்ண் டொக்லண்ட்ஸ் மைதானத்தின் ஒரு கோல் முனை லொக்கெட் பெயரையும், எதிர் முனை கொவென்ட்ரி பெயரையும் தாங்கியுள்ளது.